வார்டு மாணவரின் சுயவளர்ச்சித் திட்டம்: கல்லூரி டியூட்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் ஆசிரியரை டியூட்டராக்கி, சில மாணவர்களை வார்டுகளாக அவர் பொறுப்பில் விடும் டியூட்டர்-வார்டு முறை பல கல்லூரித் துறைகளில் கையெழுத்து வாங்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு படிவம், அதில் பெயர், முகவரி, 'என் லட்சியம்' என்று ஒரு கோடு, அடியில் இரண்டு கையொப்பம். கல்லூரியை மதிப்பிடும் நாக் குழு வரும்போது அந்தக் கோப்பு மேசைக்கு வரும். குழு கிளம்பியதும் பீரோவுக்குள் போகும்.

இந்த வழிகாட்டி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் 20 முதல் 30 வார்டு மாணவர்களைக் கவனிக்கும் ஆசிரியருக்கானது. திட்டம் மாணவருடையது, தேதிகளைக் காப்பது டியூட்டரின் வேலை. முதலில் நேரம், பிறகு செய்தவை, மூன்றாவதாகத்தான் இலக்கு. பெரும்பாலானவர்கள் மூன்றாவதில் தொடங்குகிறார்கள். அதனால்தான் இரண்டாம் சந்திப்பிலேயே மாணவர் நழுவப் பார்க்கிறார்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நீளமான 40 பக்க நோட்டு. அச்சடித்த படிவம் வேண்டாம். படிவம் கல்லூரிக்குச் சொந்தமானது, நோட்டு மாணவரின் கையிலேயே இருக்கும். கல்லூரிக்கு ஆவணம் தேவையென்றால் சந்தித்த தேதியும் பேசிய தலைப்பும் மட்டும் உள்ள தனிப் பதிவேடு ஒன்றை டியூட்டர் வைத்துக்கொண்டால் போதும். வீட்டுக் கடன், அப்பாவின் குடி, அக்கா கல்யாணம் இதெல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏறவே கூடாது. அது எத்தனை கைகளுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

சேர்க்கை விண்ணப்பத்திலிருந்து நான்கு விவரங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்: பிளஸ் டூவில் எடுத்த பாடப்பிரிவு, படித்த வழி தமிழா ஆங்கிலமா, வரும் ஊர், வீட்டுத் தொழில். இவற்றை மாணவரிடமே மறுபடி கேட்டால் முதல் சந்திப்பின் கால்வாசி நேரம் போய்விடும். விசாரணை நடக்கிறது என்ற எண்ணமும் வந்துவிடும்.

நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் 50 நிமிடப் பீரியடில் மூன்று பேரைப் பார்க்கலாம். வாரம் இரண்டு பீரியடு ஒதுக்கினால் ஆறு பேர், 25 பேருக்கு ஐந்து வாரம். ஒரு செமஸ்டரில் இரண்டு சுற்றுக்கு மேல் தாங்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'மாதம் ஒரு சந்திப்பு' என்று அறிவித்துவிட்டு, ஐந்து பேரோடு கைவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

இடம் முக்கியம். துறை அறையில் மற்ற ஆசிரியர்கள் காது கேட்கும் தூரத்தில் இருக்கும்போது எந்த மாணவரும் உண்மையைச் சொல்ல மாட்டார். பூட்டிய அறையும் கூடாது. எல்லோர் கண்ணிலும் படுகிற, ஆனால் பேச்சு கேட்காத இடம் வேண்டும். வராந்தா பெஞ்சு, நூலகத்தின் ஓர் ஓரம், மரத்தடித் திண்ணை எதுவானாலும் சரி.

2. வாரத்தின் 168 மணி நேரத்தை முதலில் எழுத வைத்தல்

முதல் சந்திப்பில் இலக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூட வேண்டாம். நோட்டின் முதல் இரட்டைப் பக்கத்தில் ஏழு கட்டம் போடச் சொல்லி, போன வாரம் எப்படிப் போனது என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 'எப்படிப் போகும்' என்று கேட்டால் அழகான கால அட்டவணை வரும். 'எப்படிப் போச்சு' என்று கேட்டால்தான் உண்மை வரும்.

உதாரணத்துக்கு, திருத்துறைப்பூண்டிக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மன்னார்குடிக்கு வரும் மாணவர். கல்லூரி 25 மணி, பயணம் நாளைக்கு 3 வீதம் 15, தூக்கம் 49, வீட்டு வேலை 14, குளியல் சாப்பாடு வகையறா 17, மாலையில் கடை வேலை வாரம் 24. கூட்டினால் 144. தாளில் 24 மணி நேரம் மிச்சம் இருக்கிறது.

அந்த 24ஐ நம்பக் கூடாது. தப்பிய பஸ், விருந்தாளி, மின்வெட்டு, கைபேசி எல்லாம் அதிலிருந்துதான் பிடுங்கித் தின்னும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மணி நேரத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். 24 மணி நேரத்துக்குப் போட்ட திட்டம் இரண்டாம் வாரத்தில் பொய்த்துவிடும். மாணவர் அதைத் தன் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்வார். கணக்குதான் தப்பு.

இரண்டு இடத்தில் கணக்கு எப்போதும் குறைவாக வரும். ஒன்று, பெண்களின் வீட்டு வேலை. "வீட்ல சும்மாதான் மேடம் இருக்கேன்" என்ற பதிலை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். மணி வாரியாகக் கேளுங்கள்.

"எத்தன மணிக்கு எந்திரிக்கிறம்மா?"
"அஞ்சு மணிக்கு மேடம்."
"காலேஜுக்குக் கெளம்புறது?"
"ஏழே காலுக்கு."
"நடுவுல என்ன வேல?"

வாசல் தெளித்துக் கோலம், தண்ணீர், மாடு, தம்பிக்குச் சாப்பாடு என்று இரண்டே கால் மணி நேரம் அப்போதுதான் வெளியே வரும். இன்னொன்று, பையன்களின் பந்தி வேலை. ஆவணி, தை முகூர்த்தங்களில் கேட்டரிங் குழுவோடு சனிக்கிழமை இரவு போய் ஞாயிறு மாலை திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் பீரியடில் தூங்குவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

பஸ் பாஸ் எந்த வண்டியில் செல்லும் என்பதையும் கேட்டுவிடுங்கள். இலவசப் பயணத்துக்காகச் சாதாரணக் கட்டண வண்டிக்குக் காத்திருப்பவரிடம், 'சீக்கிரம் வந்து நூலகத்தில் உட்கார்' என்று சொல்வதில் பயன் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா என்பதும் முக்கியம். இடம் கிடைக்கும் திசையில்தான் படிக்க முடியும். புறப்படும் நிறுத்தத்தில் ஏறுகிறவருக்குக் காலைப் பயணமும், கல்லூரி ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஏறுகிறவருக்கு மாலைப் பயணமும் அப்படி அமையும்.

3. ஏற்கெனவே செய்தவற்றைப் பட்டியல் போடுதல்

இது 15 நிமிடத்தில் முடியாது. மாணவர் வீட்டில் எழுதிவரட்டும். மூன்று பத்தி: நான் செய்தது, அதற்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது, இதைப் பார்த்த ஒருவர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்பதுதான் முதல் பதில். திறமை என்றதும் மேடைப் பேச்சும் கம்ப்யூட்டரும்தான் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. கேள்வியை மாற்றுங்கள். அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை யார் எழுதுகிறார்கள்? நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்கையும் ஈரப்பத அளவையும் பார்த்துக்கொண்டு நின்றது யார்? தெரு கிரிக்கெட் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வசூலித்துப் பரிசு வாங்கியது யார்? பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது யார்?

மகளிர் குழுக் கணக்கை இரண்டு வருடம் எழுதிய பி.காம். மாணவி, வரவு செலவு, வட்டி, நிலுவை மூன்றையும் நடைமுறையில் அறிந்தவர். ஆனால் நேர்முகத் தேர்வில் அதைச் சொல்லலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நடுப் பத்தியை நிரப்ப உதவுவதுதான் டியூட்டரின் வேலை. முதல் பத்தியை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள்.

என்.எஸ்.எஸ்.ஸில் ஆண்டுக்கு 120 மணி நேரமும் 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. என்.சி.சி.யில் இரண்டாம் ஆண்டு முடிவில் பி சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் சி சான்றிதழ். சான்றிதழ் பெயரை மட்டும் எழுதினால் போதாது. முகாமில் அவர் பார்த்த வேலை என்ன என்பதையும் எழுத வேண்டும். 50 பேருக்குச் சமையல் சாமான் வாங்கிக் கணக்குக் கொடுத்தவரும், வெறுமனே வரிசையில் நின்றவரும் ஒரே சான்றிதழைத்தான் வைத்திருக்கிறார்கள்.

4. இலக்கைக் கேட்கும் முறை

'உன் லட்சியம் என்ன?' என்றால் 'கலெக்டர்' என்று வரும். இது மாணவரின் தவறல்ல. பள்ளி நாட்களிலிருந்து அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் கைதட்டல் வாங்கியிருக்கிறது. வேறு மாதிரி கேளுங்கள்: "டிகிரி முடிச்சு அடுத்த வருஷம், ஜூன் மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை, காலைல பத்து மணிக்கு நீ எங்க இருந்தா நல்லா இருக்கும்?" வகுப்பறை, வங்கி, வயல், திருப்பூர், சென்னை, வீடு எது வந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். முகத்தில் எதையும் காட்டாதீர்கள்.

அடுத்து, அந்த இடத்துக்குள் போகும் தகுதி என்ன என்று மாணவரையே தேடிக் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவகாசம். டியூட்டர் சரிபார்க்க மட்டும் செய்கிறார். சரிபார்க்கும்போது அடிக்கடி இடறும் இடங்கள் இவை:

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். எனவே படிக்கும்போதே எழுதலாம். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் 100 கேள்வி தமிழ்த் தகுதித் தாள். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்துத் தமிழ் இலக்கணத்தை விட்டுவிட்டவர்கள் இங்கேதான் வீழ்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், இரண்டாம் ஆண்டு மாணவர் அதை மனதில் வைத்து விண்ணப்பித்துவிட்டு ஏமாறக் கூடாது.

ஆசிரியர் வேலை என்பவரிடம் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு என்பதையும், எல்லாப் பட்டத்துக்கும் வழி ஒன்றல்ல என்பதையும் சொல்லுங்கள். பி.காம்., பொருளியல் மாணவர்கள் தமிழ்நாட்டில் பி.எட். சேர முதுகலைப் பட்டம் வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் பலர். அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பை மாணவரே பதிவிறக்கிப் படித்துக் காட்டட்டும்.

எம்.எஸ்.சி.க்கு ஐ.ஐ.டி. போக நினைப்பவர் ஜாம் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் ஐந்தாம் செமஸ்டரிலேயே வந்துவிடும், தேர்வு பிப்ரவரியில், கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் முதுகலைச் சேர்க்கைக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் என்பதால் ஜூனில் போய் விண்ணப்பம் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்து வாய்ப்பை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கலெக்டர் கனவையும் கேலி செய்யாமல் இப்படியே உடையுங்கள். 21 வயது, பட்டம், அதற்குப் பிறகு முழுநேரமாகச் சில ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் சோறு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மாணவர் எழுதும் பதில்தான் அவருடைய இரண்டாவது வழி. ஒவ்வொருவருக்கும் முதல் வழி, மாற்று வழி இரண்டும் நோட்டில் இருக்க வேண்டும். மூன்று வழி வேண்டாம். மூன்று இருந்தால் எதற்கும் நேரம் இருக்காது.

டியூட்டர்கள் விழும் குழி ஒன்று உண்டு. எம்.ஏ., பி.எட்., நெட் தேர்வு, பிஎச்.டி. என்று தான் வந்த பாதையிலேயே நல்ல மாணவர்களை எல்லாம் இழுப்பது. கடை வைக்க நினைக்கும் மாணவரிடம் 'உன் மூளைக்குக் கடையா?' என்று கேட்டுவிட்டால் அவர் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

5. ஒரு செமஸ்டருக்கு மூன்றே வரி

ஒரு வரி பாடத்துக்கு, ஒரு வரி திறமைக்கு, ஒரு வரி காகிதத்துக்கு, அதாவது சான்றிதழ், பதிவு வேலைகளுக்கு. ஒவ்வொரு வரியிலும் என்ன, எந்த நாள், எந்த இடம், முடிந்ததற்கு அடையாளம் என்ன ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

'ஆங்கிலம் வளர்த்துக்கொள்வேன்' என்பது செயல் அல்ல. 'செவ்வாய், வியாழன் மாலை பஸ்ஸில் செய்தித்தாளில் ஒரு பத்தி படிப்பேன், வெள்ளிக்கிழமை இடைவேளையில் நண்பரிடம் அதை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்வேன், சொன்ன தேதியை நோட்டில் எழுதுவேன்' என்பது செயல். இடத்தை எழுதாத வரிகள்தான் அதிகம் தோற்கின்றன. 'வீட்டில்' என்பது இடம் ஆகாது. ஒற்றை அறை வீட்டில் டி.வி. ஓடும் நேரம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

அரியர் இருந்தால் பாட வரி முழுக்க அதற்குத்தான். எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண் குறைந்தது, இன்டர்னலிலா செமஸ்டர் தேர்விலா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

திறமை வரிக்குப் புதிதாக எதையும் தேடி அலைய வேண்டாம். அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனில் அந்தச் செமஸ்டரில் வந்துள்ள பாடத்தையே எடுத்து, அதை வெறும் வருகைப் பதிவாக விடாமல் ஒரு வேலையாக முடிக்கச் சொல்லலாம். அலுவலக வேலையை நோக்குபவர்களுக்குத் தட்டச்சு இன்னும் மதிப்புள்ளது. லோயர் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் 45 சொல். அரசுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. தினம் ஒரு மணி நேரம் என்பதால் பயிலகம் கல்லூரி ஊரில் இருக்க வேண்டும், சொந்த ஊரில் அல்ல. இரவு ஏழு மணிக்கு மேல் கிராமத்திலிருந்து மறுபடி டவுனுக்கு வருவது ஒரு மாதம்கூட ஓடாது.

6. காகித வேலை: யாரும் சொல்லித்தராத பகுதி

நன்றாகப் படித்தவர்கள் கடைசி வாரத்தில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். அதனால் செமஸ்டருக்கு ஒரு காகிதம் என்று பிரித்துவிடுங்கள்.

முதல் செமஸ்டரில் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒத்துப்போகின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. மத்திய அரசு விண்ணப்பங்களில் இது சிக்கும். பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே சுலபம்.

அதே செமஸ்டரில் மின்னஞ்சல். பிரவுசிங் சென்டர்காரர் ஆரம்பித்துக் கொடுத்த மின்னஞ்சலின் கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். கொடுத்த கைபேசி எண் அப்பாவுடையது, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அந்தப் பதிவே கைக்கு எட்டாமல் போனால் விண்ணப்பத்தின் கடைசி நாளில் யாரும் காப்பாற்ற முடியாது. மாணவரின் சொந்த எண், சொந்த மின்னஞ்சல், கடவுச்சொல்லை நோட்டில் எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வழி. இந்த மூன்றும் உறுதியானால் போதும்.

இரண்டாம் செமஸ்டரில் வருவாய்த் துறைச் சான்றுகள். சாதிச் சான்று பெரும்பாலும் இருக்கும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் மத்திய அரசு வேலை, மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தனியாக ஓ.பி.சி. சான்று எடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் சாதிச் சான்றே போதும் என்று நினைப்பது பரவலான தவறு.

மூன்றாம், நான்காம் செமஸ்டரில் தமிழ்வழிச் சான்று. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பணிக்குரிய கல்வித்தகுதி வரை முழுதும் தமிழ்வழி என்பதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சான்று வேண்டும். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு வரை போதும். பட்டம் கேட்கும் பதவிக்குக் கல்லூரியும் சேரும். தொடக்கப் பள்ளி ஓர் ஊரில், நடுநிலைப் பள்ளி அத்தை ஊரில் என்று படித்தவருக்கு இது நான்கு இடத்து அலைச்சல். கல்லூரிக்கு விடுமுறையாகவும் பள்ளி திறந்தும் இருக்கும் நாள் வேண்டும். செமஸ்டர் தேர்வு முடிந்த வாரம் அதற்குத் தோதானது. படிவத்தைத் தேர்வு அறிவிப்பில் உள்ள மாதிரியிலேயே எடுத்துப் போக வேண்டும். தலைமையாசிரியர் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தது செல்லாது.

7. சந்திப்புத் தேதிகளை டெல்டா பருவத்தோடு பொருத்துதல்

கல்லூரி நாட்காட்டி மட்டும் போதாது. சுற்று 1 ஆடிப் பெருக்கு கழிந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் தொடங்கட்டும். அதற்கு முன் முதலாண்டுச் சேர்க்கையே முடிந்திருக்காது. சுற்று 2 செப்டம்பர் கடைசியில், ஒருவருக்கு 8 நிமிடம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடித்துவிட்டால் மழை விடுமுறையும், அதற்குப் பின்னால் நவம்பர் தேர்வும் வந்துவிடும். மழை விடுமுறைக்கென்றே இணையம், மின்சாரம் தேவைப்படாத ஒரு வேலையை நோட்டில் எழுதி வைத்திருங்கள்.

இரட்டைப்படைச் செமஸ்டரில் சிக்கல் வேறு. பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுவடை. அறுவடை மெஷின் எந்த நாள் வரும் என்பது யார் கையிலும் இல்லை. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு இரவில் காவல் இருப்பது பெரும்பாலும் கல்லூரி போகும் பையன்தான். எனவே ஜனவரி கடைசியில் தொடங்கும் சுற்றில் வரிசை எண்படி கூப்பிடாதீர்கள். கடற்கரை, டவுன் மாணவர்கள் முதலில், விவசாயக் குடும்பத்து மாணவர்கள் பிப்ரவரி பிற்பாதியில்.

அக்கரைப்பேட்டை, வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இன்னொரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜூனில் கல்லூரிக் கட்டணமும் விண்ணப்பக் கட்டணங்களும் சேர்ந்து வரும்போது வீட்டில் வருமானம் இருக்காது. மார்ச் மாதச் சந்திப்பிலேயே அந்தத் தொகையை எழுதி, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாயில் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று பேசிவிடுங்கள். பணம் யார் கையில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு மாணவர் பெயரில் இருக்கலாம், ஏ.டி.எம். அட்டை அப்பா சட்டைப் பையில் இருக்கும்.

8. மறுபார்வைச் சந்திப்பை நடத்தும் விதம்

மாணவர் நோட்டைத் திறந்து மூன்று வரியையும் வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு ஒரே கேள்வி: "இதுல எது நடந்துச்சு?" 'ஏன் நடக்கல?' என்று தொடங்கினால் சாக்குதான் வரும். நடந்ததைச் சொல்லி முடித்ததும் நடக்காததை அவரே சொல்வார். அதற்கு அரை நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம்.

நடக்காத வரியைத் திட்டாமல் பாதியாக வெட்டுங்கள். வாரம் நான்கு நாள் என்பது இரண்டு நாள். அடுத்த சுற்றிலும் நடக்கவில்லையென்றால் இரண்டாம் படிக்குத் திரும்பி நேரக் கணக்கைப் பாருங்கள். புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கும், அல்லது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். மூன்றாம் முறையும் அப்படியே என்றால் அது பெரும்பாலும் வேறு யாருடைய இலக்கோ. அப்பாவுடையது, அண்ணனுடையது, சில சமயம் டியூட்டருடையதே.

எழுதுவது மாணவரின் கை. டியூட்டர் தேதியும் சுருக்கொப்பமும் மட்டும் போடுவார். உங்கள் கையெழுத்தில் அறிவுரை நிறைந்த நோட்டை மாணவர் மறுபடி திறக்க மாட்டார். அடுத்த சந்திப்பின் நாளும் மணியும் எழுதாமல் யாரையும் அனுப்பாதீர்கள். தேதியை நீங்கள் ஒருமுறை தவறவிட்டால் அவர் நான்கு முறை தவறவிடுவார்.

9. பெற்றோர்

மதிப்பெண் சொல்லக் கூப்பிடும் கூட்டத்தில் இதைப் பேசாதீர்கள். தனியாக, மாணவரும் கூட இருக்கும்போது, மாணவரே நோட்டைக் காட்டட்டும். அவர் அனுமதி தராத பக்கத்தை நீங்கள் திறக்கக் கூடாது. "ஐயா, உங்க பொண்ணு வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் டவுன்ல தங்கிப் படிக்கணும்னு கேக்குது. எந்த பஸ்ஸுல வரும்னு இதுல எழுதியிருக்கு" என்று நேரத்தையும் பஸ்ஸையும் வைத்துப் பேசினால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும். 'பெண் முன்னேற்றம்' என்று தொடங்கினால் விவாதமாகிவிடும்.

10. டியூட்டர் செய்யக் கூடாதவை

'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதை முதல் நாளே தெளிவுபடுத்துங்கள். தூக்கமின்மை, தொடர்ந்த அழுகை, சாக வேண்டும் என்ற பேச்சு இவற்றில் எது வந்தாலும் திட்ட நோட்டை மூடிவிடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அழைக்கலாம். பாலியல் தொல்லைப் புகார் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு உரியது, டியூட்டரே விசாரித்துச் சமாதானம் பேசுவதற்கு அல்ல.

கைக்காசைக் கடனாகக் கொடுக்காதீர்கள். கல்நெஞ்சு என்று தோன்றலாம். ஆனால் 500 ரூபாய் திருப்பித்தர முடியாத மாணவர் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார், வராந்தாவில் உங்களைக் கண்டால் வழி மாறிப் போவார். உதவியாகக் கொடுப்பதானால் வேறு ஒருவர் வழியாக, திரும்ப வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

11. மூன்றாம் ஆண்டும் கைமாற்றமும்

ஐந்தாம் செமஸ்டரில் மூன்று வரி முறை மாறும். பாடம் ஒரு வரி, மீதி இரண்டும் விண்ணப்பங்கள். மூன்றாம் படியில் எழுதிய பட்டியலிலிருந்து ஒரு பக்க சுயவிவரக் குறிப்பை மாணவரே எழுதுவார். கடையில் வாங்கிய மாதிரியைப் பார்த்து எழுதினால் வகுப்பில் முப்பது பேருக்கும் 'கடின உழைப்பாளி' என்ற ஒரே வரிதான் இருக்கும். பிறகு இருவர் இருவராக ஒருவரை ஒருவர் நேர்முகம் காணட்டும். டியூட்டர் பார்வையாளர் மட்டும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது நோட்டைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எதைத் தொடங்கினார், எதைப் பாதியாக வெட்டினார், எதை முடித்தார் என்று அதில் இருப்பதே கடிதத்துக்குப் போதுமான சரக்கு.

நடுவில் உங்களுக்கு மாறுதல் வரலாம், கௌரவ விரிவுரையாளரானால் அடுத்த ஆண்டு அதே கல்லூரி என்ற நிச்சயமும் இல்லை. அதனால் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாணவரை ஐந்து வரி எழுத வையுங்கள்: முதல் வழி, மாற்று வழி, இதுவரை முடிந்த காகிதங்கள், மிச்சமுள்ள அரியர், அடுத்த டியூட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது. புதிதாக வருபவர் உங்களைத் தொலைபேசியில் தேடாமல் அந்தப் பக்கத்திலிருந்தே முதல் சந்திப்பைத் தொடங்கலாம்.